நம்பர் யாரு பேருல இருக்குதுங்க?

பத்மாவதி குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, தோசை ஊற்றிக்கொண்டிருந்தாலும் சரி, அவளுடைய போனுக்கு ஓடிபி வந்துவிடும். வந்த மறுநிமிடம் யாராவது கூப்பிடுவார்கள். "ஏனம்மணி, இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமே, சொல்லு பாக்கலாம்." யாருக்கு, எதற்கு என்றெல்லாம் அவள் கேட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது ஆறு எண்களையும் படித்துச் சொல்லிவிட்டு, அதற்குள் கருகிப்போன தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. அவளுடைய அண்ணன் திருமலைசாமிக்குப் பீளமேட்டில் பம்ப் மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனி. கல்யாணமான மூன்றாம் வருடம், இருபத்தேழு வயதில், பத்மாவதி புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நல்ல குணத்தை இந்தக் கதையில் எங்கேயும் மறந்துவிடக் கூடாது. மாடியறையை ஒழித்துக் கொடுத்தார். கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிற வேலையைக் கொடுத்தார். பிற்பாடு டச் போன் என்று ஒன்று வந்தபோது, வீட்டிலேயே முதல் போனையும் அவளுக்குத்தான் வாங்கிக் கொடுத்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. படித்தவள், பொறுமைசாலி, எப்போதும் வீட்டில் இருப்பவள். இவை மூன்றும் ஒரு பெண்ணிடம் சேர்ந்திருந்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? கேஸ் பதிவுக்கு அவள் நம்பர். கரண்ட் பில்லுக்கு அவள் நம்பர். சிங்காநல்லூர் சித்தப்பாவின் இன்சூரன்ஸ், அண்ணன் மகள் தேஜஸ்ரீயின் கல்லூரி விண்ணப்பம், அண்ணியின் திருப்பதி தரிசன டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதே நம்பர், அதே மெயில். அந்த மெயில் ஐடியும் கம்பெனிப் பெயரில் போட்டதுதான். ஒரே வீடு, ஒரே மெயில் என்று திருமலைசாமி வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கூட்டுக் குடும்பத்துக்கு அவர் கண்ட அடையாளம் அது.

பாஸ்வேர்டுகளை முதலில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தாள். நோட்டு கிழிந்த பிறகு, அவற்றைப் பூட்டி வைப்பதற்கென்றே உள்ள ஒரு ஆப்பில் ஏற்றினாள். இருநூற்றுப் பதினேழு சேர்ந்தன. பெரியப்பா செத்து மூன்று வருடமாகிறது, அவருடைய பென்ஷன் பாஸ்வேர்டு இன்னும் அதில் உட்கார்ந்திருந்தது. சித்தப்பாவின் முதல் காதலி பெயர்கூடப் பத்மாவதிக்குத் தெரியும், எல்லாம் பாஸ்வேர்டு புண்ணியம்தான். இத்தனை பேருடைய சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிற அலுப்பு எப்படியிருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவளுமே ஐம்பத்தொரு வயதில்தான் நினைத்தாள்.

நினைக்க வைத்தது பேப்பரில் வந்த ஒரு விளம்பரம். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு டிரஸ்ட் விடுதி நடத்துகிறது, அதற்கு வார்டன் வேண்டும், தங்க இடம் உண்டு என்றிருந்தது. பத்மாவதி அந்தத் துண்டை வெட்டித் தலையணை உறைக்குள் வைத்தாள். நாலு நாள் கழித்து விண்ணப்பம் போட்டாள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சியில் நடந்த நேர்காணலுக்குப் போனாள். அந்த வயதில் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியது அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தில் யாருக்கும் ஓடிபி வரவில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. முடிவை மெயிலில் சொல்கிறோம் என்றார்கள். விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்தது அந்தக் கம்பெனி மெயிலைத்தான். வேறு எதைக் கொடுப்பாள்? அவளுக்கென்று வேறு இருந்ததில்லை. வீட்டில் எல்லோர் போனிலும் திறந்து கிடக்கிற மெயில் அது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை, அதில் வருவதைப் படித்து, பிரித்து, பதில் போடுகிற ஆள் எப்போதும் அவள் ஒருத்தியாகவே இருந்ததால்.

அந்த வாரம் அவளுடைய போன் அரிசி ஊறவைத்த பாத்திரத்துக்குள் விழுந்தது. ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்பி வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணிக்குத் திருப்பதி டிக்கெட் கைநழுவிப் போனது. அண்ணன் மகன் ரோஹனால் கம்பெனி மெயிலைப் புது லேப்டாப்பில் திறக்க முடியவில்லை. "போனைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா" என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னாள். பத்மாவதியோ, நாளை வால்பாறையில் வேலை கிடைத்து, அங்கே மழைக்கு டவர் போய்விட்டால் இவர்கள் கதி என்ன என்று கவலைப்பட்டாள். தன்னை விட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பலரும் கவலைப்படுவார்கள். தான் விட்டுப் போகப்போகிறவர்களுக்காக இப்படிக் கவலைப்பட்ட ஆள் இவளாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் பாஸ்கீ போட்டுக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். அதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. போனைத் திறக்கிற விரலே சாவி. அவரவர் போன், அவரவர் விரல், அடுத்தவரைக் கேட்க வேண்டியதில்லை. பாஸ்கீ வேலை செய்யாத இடங்களுக்கு அவரவர் நம்பரை மாற்றி, பாஸ்வேர்டையும் அவரவர் போனிலேயே பூட்டி வைத்தாள். இரண்டு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சித்தப்பா தன் விரலை எங்கேயோ அனுப்பப் போகிறாள் என்று பயந்து கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார். "உங்க விரலு உங்ககிட்டயேதான் இருக்குமுங்க சித்தப்பா, போனை விட்டு எங்கீயும் போகாது" என்று நாலு முறை சொல்ல வேண்டியிருந்தது. திருமலைசாமி இளவயதில் லேத் மிஷினில் இரும்பு கடைந்தவர், அவர் விரலில் ரேகை தேய்ந்து வழுக்கியது. முகத்தைக் காட்டச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்.

கடைசியாகக் கம்பெனி மெயிலை ரோஹனிடம் ஒப்படைத்தாள். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, இனி கம்பெனியை அவன்தான் பார்க்கப்போகிறான். "உனக்குத் தெரிஞ்ச போனைத் தவிர வேற எதையும் இதுக்குள்ள உட்டு வெக்காத கண்ணு. பழைய போனு, பழைய பாஸ்கீ எல்லாத்தையும் எடுத்துப்போடு. பாஸ்வேர்டையும் மாத்திப்போடு" என்று சொல்லிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் அத்தை சொன்னதை அப்படியே செய்தான். மறுநாள் காலை அவளுடைய போனில் அந்த மெயில் திறக்கவில்லை. உள்ளே இருந்த எல்லாப் போன்களோடும் சேர்த்து அவள் போனையும் அவன் எடுத்துப்போட்டிருந்தான்.

"என்ற போனை மறுபடி சேத்து உடு கண்ணு" என்று கேட்டாள்.

"பாக்கலாங்கத்தை, இந்த வாரம் வேலை தலைக்கு மேல கெடக்குது."

ஒரு அதட்டுப் போட்டிருந்தால் உடனே செய்திருப்பான். ஆனால் எதற்கு என்று கேட்டால்? ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஒரு வாரம் விட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல், "எனக்கு ஏதாச்சும் மெயில் வந்துச்சா?" என்று கேட்டாள். அவன் லேப்டாப்பை விட்டுத் தலை நிமிராமல், "ஆடித் தள்ளுபடி மெயிலாத்தான் வருதுங்கத்தை" என்றான். அப்புறம் அவள் கேட்கவில்லை. காத்திருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

மூன்று வாரம் போயிற்று. கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று புதன்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் நின்று வால்பாறைக்குப் போன் செய்தாள். விடுதியின் மேலாளர் மாசாணம் எடுத்தார். நேர்காணலில் அதிகம் பேசாமல், ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்.

"பத்மாவதிங்களா? உங்களைத்தானுங்க எடுத்திருந்தோம். அஞ்சாந் தேதி மெயில் போட்டோம். எட்டாந் தேதி நீங்களே வர முடியாதுன்னு பதில் போட்டுட்டீங்களே."

பத்மாவதி காயப்போட்ட வற்றலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எழுதலீங்க."

"உங்க ஐடிலருந்துதானுங்க வந்துச்சு. கீழ உங்க பேருதான் இருக்குது."

"அந்த மெயிலு இப்ப என்ற கையில இல்லீங்க. வீட்டுல அண்ணன்தானுங்க எழுதியிருக்கோணும். நான் வாரேனுங்க. அந்த வேலைக்கு நான் வாரேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மெயில்லருந்து வந்ததே நீங்க எழுதினது இல்லைங்கறீங்க. அப்ப இந்தப் போன்ல பேசறது நீங்கதான்னு நான் எப்புடி நம்பறதுங்க?" என்று மாசாணம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஒரு நல்ல மனிதர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "சனிக்கிழமை கமிட்டி கூடுது. அடுத்த ஆளுக்கு அன்னைக்குத்தான் லெட்டர் போடறோம். அதுக்கு முந்தி, உங்களுது மட்டுமான ஒரு மெயில்லருந்து எழுதுங்க. வெள்ளிக்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட்டோட நேர்லயும் வந்துருங்க. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருமலைசாமி கம்பெனியிலிருந்து வந்து காபி குடிக்க உட்கார்ந்தார். ரோஹனும் உடன் வந்திருந்தான். பத்மாவதி டம்ளரை வைத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"அண்ணா, வால்பாறைக்கு எம்பேருல பதில் எழுதினது யாருங்க?"

அண்ணி உள்ளே போனாள். ரோஹன் போனைக் கவிழ்த்து வைத்தான். திருமலைசாமி மட்டும் அசையவில்லை. ஒரு வாய் காபியைக் குடித்துவிட்டு, "நாந்தான் சொன்னேன், அவன் அடிச்சான்" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

"அதுக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடி நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அம்மணி?"

கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொன்ன வாய் அவளுடையது. அவர் தொடர்ந்தார். "இந்த வயசுல அந்த மழையிலயும் அட்டையிலயும் போயிக் கெடக்கோணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? இங்க என்ன கொறை வெச்சோம் உனக்கு? தங்கச்சிக்குச் சோறு போட வக்கில்லாம மலைக்கு அனுப்பிப்போட்டான்னு நாளைக்கு நாலு பேரு என்ற மூஞ்சிக்கு நேரா கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. பத்மாவதிக்கு ஆகாதது இதுதான். அவர் திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். இருபத்து நாலு வருடமாக அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

"அந்த லெட்டரைக் காட்டு" என்று ரோஹனிடம் கேட்டாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை வைத்துப் போனைத் திறந்து, அனுப்பிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். பத்மாவதி நின்றுகொண்டே படித்தாள். "தங்கள் நிறுவனம் என்மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி. குடும்பப் பொறுப்புகளை முன்னிட்டு இப்பணியை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். தங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்டுள்ளேன்." ஒரு பிழை இல்லை. இருக்காது. ஆர்டர் எடுக்க முடியாதபோதும் கல்யாணத்துக்குப் போக முடியாதபோதும் கம்பெனிக்காக அவள் எழுதி வைத்திருந்த கடிதங்களிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கோத்திருந்தார்கள். அவளிடம் அவளே வேலைக்கு வர மாட்டேன் என்று சொன்னதுபோல் இருந்தது. அண்ணன் செய்ததைக்கூடப் பொறுத்துவிடலாம் என்று தோன்றியது. தன்னுடைய சொற்களையே எடுத்துத் தன் வாயை அடைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழுகை வந்தது. அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ற போனை இந்த மெயில்ல சேத்து உடு, நான் அவங்களுக்கு எழுதோணும்" என்றாள்.

ரோஹன் மறுபடி அப்பாவைப் பார்த்தான். "அது கம்பெனி மெயிலு. இனிமே ரோஹனே பாக்கட்டும்னு நீதான சொன்னே" என்றார் திருமலைசாமி. சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை அவரே எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்தார். அந்த வீட்டில் அவர் டம்ளரை எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பத்மாவதி காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினாள். டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவில், ஜாஹிதாவின் போன் கடை. அரிசித் தண்ணீரில் விழுந்த போனைப் பிழைக்க வைத்தவள் ஜாஹிதாதான். கோட்டைமேட்டுக்காரி, நாற்பது வயது, கடையைத் தனியாக நடத்துகிறாள்.

"அக்கா, போன் மறுபடி குளிச்சிருச்சுங்களா?"

"இல்லீங்க. எனக்குன்னு ஒரு மெயில் வேணுமுங்க. இந்த நம்பரையே போட்டு."

ஜாஹிதா வேலையை ஆரம்பிக்கப் போனவள் நின்றாள். "நம்பர் யாரு பேருல இருக்குதுங்க?"

"என்றதுதானுங்க. பதினாலு வருசமா நாந்தான் வெச்சிருக்கறேன்."

"வெச்சிருக்கறது வேறயுங்கக்கா, பேரு வேறயுங்க." ஜாஹிதா சிம் கம்பெனியின் ஆப்பைத் திறந்து திரையைத் திருப்பிக் காட்டினாள். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் திருமலைசாமி என்று இருந்தது. போன் வாங்கிய அன்றைக்கு அண்ணனுடைய அடையாள அட்டையைத்தான் கொடுத்தது. பத்மாவதியுடைய ரேஷன் கார்டு அப்போது எந்த ஊரில் இருப்பது என்றே தெரியாத நிலை. "மெயிலை இந்த நம்பர்ல போட்டா, அவரு ஒரு கையெழுத்துப் போட்டு நாளைக்கே வேற சிம் வாங்கிக்கலாம். மெயிலும் கூடவே போயிருமுங்க. வாரத்துக்குப் பத்துப் பொம்பளைங்க இப்புடி வர்றாங்க. இந்தக் கேள்வியக் கேட்டா என்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு நிப்பாங்க."

பத்மாவதியும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இருநூற்றுப் பதினேழு பூட்டுக்குச் சாவி வைத்திருந்தவள். அவள் கையிலிருந்த நம்பரே அவளுடையது இல்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பு வரவில்லை. அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எம்பேருல புதுசு ஒண்ணு குடுங்க."

ஆதார் கார்டைக் கொடுத்தாள். விரல் ரேகை எடுக்கிற சின்னக் கருவியில் விரலை வைத்தாள். இரண்டு முறை ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவளுக்கும் ரேகை மங்கியிருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்து, சற்று அழுத்தி வைத்ததும் மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. சாயங்காலம்தான் சிம் உயிர் பெறும் என்றாள் ஜாஹிதா. பத்மாவதி வீட்டுக்குப் போகவில்லை. கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜாஹிதா வாங்கி வந்த தக்காளி சாதத்தில் பாதியைத் தின்றாள். நாலு மணிக்குப் புது நம்பர் வந்தது. ஆறு மணி அடிப்பதற்குள் புது மெயிலும், அதற்கு அவள் விரலே சாவியான ஒரு பாஸ்கீயும் வந்தன. கம்பெனிப் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை. பத்மாவதி, பிறந்த வருடம், அவ்வளவுதான்.

"போன் தொலைஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுங்க?"

"பத்து ரகசிய நம்பர் குடுக்குமுங்கக்கா. பேப்பர்ல எழுதி, யாரு கண்ணுக்கும் படாத எடத்துல வெச்சிருங்க. வீட்டு ஆளுங்களுக்கும் சொல்ல வேண்டாம்."

யார் கண்ணுக்கும் படாத இடம். பத்மாவதி தன் மாடியறையை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பீரோ இருக்கிறது. பீரோச் சாவி பூஜையறை ஆணியில், எல்லாச் சாவிகளோடும் சேர்ந்து தொங்குகிறது. அவளுடைய துணிக்கு நடுவில் அண்ணி தன் பட்டுப்புடவைகளை வைப்பாள், வேண்டும்போது எடுப்பாள். ஆக அந்த வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. பேப்பரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் பர்ஸின் உள்ளறையில் வைத்தாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மாசாணத்துக்குக் கடிதம் எழுதினாள். முந்தைய கடிதம் தன்னுடையது அல்ல என்றும், வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்றும், வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன் என்றும் மூன்றே வரி. அன்புக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று எழுத வந்த விரலை நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையோடு கீழே இறங்கினாள். திருமலைசாமி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பழைய சிம்மை ஒரு சின்னக் கவரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"இது என்ன?"

"இந்த நம்பர் உங்க பேருலதானுங்க இருக்குது. வெச்சுக்கங்க."

அவர் கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, அதற்குள் இன்னும் என்னவோ இருக்கும் என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். "ஏம் பத்மா, யாருக்காச்சும் ஓடிபி வந்தா?" என்று கேட்டாள். பதறித்தான் கேட்டாள், பாவம்.

"அவங்கவங்க போனுக்கே வருமுங்க அண்ணி. எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டேன்." அவள் திருமலைசாமியிடம் திரும்பினாள். "போயிட்டு வாரேனுங்க."

அவர் வா என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. புது நம்பர் என்ன என்று கேட்பார் என்று கேட் வரைக்கும் எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை. ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. பத்தாவது வளைவில் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது, பதினேழாவதில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்த எஸ்டேட்காரப் பெண் பேசாமல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். அதை மோந்துகொண்டே நாற்பதாவது வளைவு வரைக்கும் கண்ணை மூடியிருந்தாள். திரும்பிவிடலாமா என்று ஒரு தரம் நினைத்தாள். பொய் சொல்வானேன், நாலைந்து தரம் நினைத்தாள். திரும்பினாலும் இதே வளைவுகளில்தான் இறங்க வேண்டும் என்ற அலுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

விடுதி அலுவலகத்தில் மாசாணம் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று கம்பெனி மெயிலிலிருந்து வந்த மறுப்பு, மற்றது ஜாஹிதா கடையிலிருந்து அவள் எழுதியது. சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார், ஆதார் படத்தையும் அவளையும் இரண்டு தரம் பார்த்தார். வாந்தி எடுத்துக் களைத்த முகம் படத்தில் இருந்த முகத்தோடு ஒத்துப்போக நேரமெடுத்தது. வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கமிட்டித் தலைவரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வரும்போது கையில் பணியில் சேருகிற படிவம் இருந்தது.

"நாளைக்குக் கமிட்டில கையெழுத்தாயிருமுங்க. நீங்க இதை நெரப்பிக் குடுங்க."

பத்மாவதி நிரப்பினாள். பெயர், வயது, படிப்பு. மெயில் என்ற இடத்தில் புது ஐடியை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள். நம்பரைப் பேப்பரைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது, இன்னும் மனதில் பதியவில்லை. மாசாணம் வாங்கிப் பார்த்துவிட்டு ஓர் இடத்தைச் சுட்டினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று இருந்தது, அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"இது எழுதித்தான் ஆகோணுங்களா?"

"ஆமாங்க. மலை, மழை, காட்டெருமை. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடறது?"

பத்மாவதி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். சித்தப்பாவை எழுதலாம், தேஜஸ்ரீயை எழுதலாம், ஜாஹிதாவைக்கூட எழுதலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் ஓடி வருவார்கள் என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தால் ஒரே ஒரு முகம்தான் வந்தது. ஏன் வந்தாய் என்று கேட்காமல் அன்றைக்கு மாடியறையை ஒழித்துக் கொடுத்த முகம். அண்ணனின் பெயரையும் நம்பரையும் எதையும் பார்க்காமல் எழுதினாள்.

மாசாணம் பெயரைப் படித்துவிட்டு மேசையிலிருந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்தார். "இவருதானுங்களே உங்க அண்ணன்? மறுபடி இவரு ஏதாச்சும் எழுதினாருன்னா நாங்க என்னங்க பண்றது?"

"நான் பேச்சு மூச்சில்லாமக் கெடந்தா அவரைக் கூப்பிடுங்க" என்றாள் பத்மாவதி. "பேசற வரைக்கும் எங்கிட்டயே கேளுங்க."